பீரோவுக்குள் ஒளிந்திருக்கும் மாத்திரை!

காய்ச்சல் மாத்திரைக்கு வீட்டில் ஓர் இடம் உண்டு. சுகர் மாத்திரை சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு மாத்திரைக்கு மட்டும் எந்த வீட்டிலும் இடம் கிடையாது. ஆண்மைக் குறைவுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைத்தான் சொல்கிறேன். 'சேச்சே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்! வீட்டுப் பெண்கள்தான் இதை முக்கியமாகப் படிக்க வேண்டும்.

ராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலி மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் நிற்பவர் ஒன்று மாமா முறையாக இருப்பார், இல்லாவிட்டால் கூடப் படித்தவராக இருப்பார். அவரிடம் போய் இந்தச் சீட்டை நீட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் அரக்கோணமோ வேலூரோ போகிற அன்றைக்கு, முன்பின் தெரியாத கடையில், "அடிக்கடி வந்து நிக்க முடியாதுப்பா" என்று நாலைந்து அட்டையாக வாங்கிவிடுகிறார்கள். இது தினமும் போடுகிற மாத்திரையும் இல்லை. பெரும்பாலும் வேண்டும்போது ஒன்று, அவ்வளவுதான். வருடம் ஓடிவிடும், அட்டை மிச்சமிருக்கும். காலாவதிப் பிரச்னை பிறப்பது இந்த வெட்கத்தில்தான்.

சரி, வாங்கியாயிற்று. எங்கே வைப்பது? வண்டி சீட்டுக்கு அடியில். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரண் மேல். பீரோவில் பத்திரங்களுக்கு நடுவே. 30 டிகிரிக்கு மேல் போகாத, ஈரமில்லாத இடத்தில் வைக்கும்படி பொதுவாக அட்டையிலேயே அச்சடித்திருக்கும். நம் பக்கத்து மே மாத வெயில் 40-ஐத் தாண்டுகிறது. மூடிய சீட்டுக்கு அடியில் அதைவிட அதிகம். சொன்னபடி பாதுகாத்தால்தான் அட்டையில் போட்ட தேதி செல்லும்.

"எக்ஸ்பயரி எல்லாம் கம்பெனிக்காரன் தந்திரம் சார்!" என்று சொல்கிற அண்ணாச்சிகள் ஊருக்கு ஒருவர் உண்டு. அவர் பேச்சில் பாதி நிஜம் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் இருப்பு வைத்திருந்த 122 வகை மருந்துகளைச் சோதித்த முடிவு 2006-ல் வெளியானது. சோதித்த தொகுப்புகளில் 88 சதவீதம், தேதி தாண்டி ஒரு வருடமாவது தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்தது. ஆனால் அவை சீல் பிரிக்காமல், சரியான வெப்பநிலையில் கிடங்கில் இருந்தவை. சீட்டுக்கு அடியில் வெந்தவை அல்ல!

தேதி தாண்டியதும் மாத்திரை விஷமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். வீரியம் குறையலாம். சிக்கல் அதற்கப்புறம்தான். 'ஒண்ணு கேக்கலையே' என்று இரண்டாகப் போடுகிறார். புது அட்டை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் தொடர்கிறது. இல்லையென்றால், 'நமக்கு முடிஞ்சு போச்சு' என்று மனம் உடைந்து போகிறார். இந்தக் குறை சர்க்கரை நோய்க்கோ இதய ரத்தக்குழாய் அடைப்புக்கோ முன்னறிவிப்பாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பழைய அட்டையைத் துழாவிக் கொண்டிருக்கலாமா?

என்னைக் கேட்டால், தேதி தாண்டியதைவிட ஒளித்து வைப்பதுதான் பெரிய ஆபத்து. சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்கு மருந்தாகத்தான் ஆராயப்பட்டது. 1998-ல் அமெரிக்காவில் ஆண்மைக் குறைவுக்கு அனுமதி கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிறோமே, அந்த நைட்ரேட் வகை மாத்திரையோடு இது சேரவே கூடாது. சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிருக்கே உலை வைக்கும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்கும், டாடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக்கூடாது என்பது மருத்துவ விதி. ராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை 108-ல் ஏற்றும்போது, "என்ன மாத்திரை சாப்பிட்டார்?" என்று கேட்பார்கள். மனைவிக்குத் தெரியாது. அவரோ பேசும் நிலையில் இல்லை. வெட்கம் பார்க்கிற நேரமா அது? புருஷன் இதை மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். மனைவியும் கேலி செய்யாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். கஷ்டம்தான், தெரியும்.

அட்டையிலிருந்து பிரித்துச் சட்டைப் பையிலும் வெறும் டப்பாவிலும் போட்டு வைக்காதீர்கள். பெயரும் தெரியாது, எத்தனை மில்லிகிராம் என்பதும் தெரியாது. கடையில் அட்டையை வெட்டித் தந்தால் தேதி உள்ள பகுதி கடைக்காரரிடமே தங்கிவிடும். பில் கேட்டு வாங்குங்கள், அதில் தேதி இருக்கும். 'எக்ஸ்பயரி 5/2027' என்று இருந்தால் மே 31 வரை செல்லும். தேதியே இல்லாத லேகிய டப்பாக்களைத் தொடவே வேண்டாம். 'இயற்கை மருந்து' என்று விற்றவற்றில் இதே சில்டெனாஃபில் சொல்லாமல் கலந்திருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பல முறை கண்டுபிடித்திருக்கிறது. வீட்டில் நெஞ்சுவலிக்காரர் இருந்தால் கேட்கவே வேண்டாம்!

தேதி முடிந்ததை எப்படித் தூக்கி எறிவது? கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில், வீடுகளில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்கும் 'என்பிரவுட்' திட்டத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே தொடங்கியது. அப்படி வசதி இல்லாத ஊரில், மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்து, டீத்தூள் சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் கொட்ட வேண்டாம். முழு அட்டையாக எறிந்தால் பொறுக்கி எடுத்து விற்கவும் ஆள் இருக்கலாம். குழந்தை மிட்டாய் என்று எடுத்து விழுங்கிவிட்டால் அட்டையும் கையுமாக உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போய், "ஏதோ மாத்திரை, பேர் தெரியல" என்று மழுப்பாதீர்கள்.