முரட்டுத் தடுப்புக்கு முரட்டுத்தனம் பதில் இல்லை



சுற்றுப்போட்டிக் காலம் வந்தால் நம் மைதானங்களில் ஒரே காட்சிதான். பின்கள வீரர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, பந்து வருமுன்பே பாய்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் "நீயும் மோதுடா" என்று கத்துகிறார்கள். அடுத்த முறை அணி தெரிவாகும்போது உயரமும் உடற்பலமும் உள்ளவனுக்கே முன்களத்தில் இடம். மெலிந்த, ஆனால் யோசித்து ஆடும் பிள்ளை வெளியே உட்கார்ந்திருக்கிறான்.

இதற்கு வேறு வழி உண்டு என்பதை உதைபந்தாட்டம் எப்போதோ காட்டிவிட்டது.

1953 நவம்பர் 25, லண்டன் வெம்பிளி மைதானம். ஹங்கேரியின் 9ஆம் இலக்க வீரர் ஹிடெக்குட்டி, மத்திய முன்கள வீரர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடினார். அவரைக் காக்கவேண்டிய இங்கிலாந்தின் ஹரி ஜோன்ஸ்டன் திண்டாடிப் போனார். பின்தொடர்ந்தால் கோல் கம்பத்துக்கு முன்னால் இடைவெளி விழும். அதற்குள் புஷ்காஸ் ஓடி வருவார். தொடராமல் நின்றால் ஹிடெக்குட்டியைத் தடுக்க ஆளில்லை. முதல் நிமிடத்திலேயே கோல். ஹிடெக்குட்டி மட்டும் 3 கோல்கள். முடிவு 6-3.

2009 மே 2இல் பார்சிலோனாவின் கார்டியோலா இதே வித்தையை ரியல் மெட்ரிட்டின் சொந்த மைதானத்தில் காட்டினார். வலது கரையில் ஆடும் மெஸ்ஸியை நடுவுக்குக் கொண்டுவந்து பின்னால் இறக்கினார். மெட்ரிட்டின் இரு மத்திய பின்கள வீரர்களுக்கும் மோத ஆள் கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் ஹென்றி ஓடினார். முடிவு 6-2. மெஸ்ஸி உயரமானவரோ பருமனானவரோ அல்ல என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாய்ந்து தடுப்பவனின் பலம், அவன் முன்னால் ஓர் ஆள் நிற்பதில்தான் இருக்கிறது. அந்த ஆளை விலக்கிவிட்டால் அவனுடைய வேகமே அவனை இடம் மாறச் செய்யும்.

"அது பெரிய கழகங்களின் விளையாட்டு" என்று சிலர் சொல்லலாம். இதற்குப் பணம் தேவையில்லை, பயிற்சிதான் தேவை. ஒருவன் பின்னால் இறங்கும் அதே கணத்தில் இரு கரைகளிலிருந்தும் இருவர் உள்ளே ஓடவேண்டும். ஓடாவிட்டால் கோல் முன் நம்மவர் எவரும் இருக்கமாட்டார்கள். காவலன் பின்தொடராமல் நின்றுவிட்டால், இறங்கியவன் பந்துடன் திரும்பி முன்னேறவேண்டும். மூன்று பேர் தாக்க, இருவர் தடுக்க என்று மாலையில் அரை மணித்தியாலம் பழக்கினாலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

பயிற்றுவிப்பாளர்களிடம் நாம் கேட்பது இதுதான்: அந்த மெலிந்த பிள்ளைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பெற்றோரிடம் கேட்பது: முன்கள வீரன் பின்னால் வந்தால் "பயந்தவன்" என்று ஏசாதீர்கள்.

கிண்ணம் அடுத்த வருடமும் வரும். உடைந்த முழங்கால் அப்படித் திரும்பி வராது.