நொச்சிக்குப்பம் மீன்மேல ஏன் இந்தப் பழி?

1/8
"3000 வருஷப் பழைய குப்பையில் மீன் நாடாப்புழு முட்டை! மூளைக்குள் போகும்! நொச்சிக்குப்பத்தில் மீன் வாங்காதீர்கள்!" இப்படி ஒரு ஃபார்வர்டு சுத்துது. கிளினிக்ல வர்றவங்களும் கேக்குறாங்க. முட்டை கிடைச்சது உண்மை. மீதி எல்லாம் புருடா.

2/8
இங்கிலாந்தில் மஸ்ட் ஃபார்ம்னு ஒரு இடம். சுமார் 2900 வருஷம் முன்னால தண்ணிக்கு மேல கால் நட்டு வீடு கட்டி வாழ்ந்தாங்க. அவங்க கழிவு சேத்துல புதைஞ்சு கெடாம கிடந்தது. 2019-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதுல மீன் நாடாப்புழு முட்டை இருக்குன்னு அறிவிச்சாங்க.

3/8
அது எதுக்குச் சாட்சி? அவங்க மீனைப் பச்சையாவோ அரைவேக்காடாவோ சாப்பிட்டாங்க என்பதுக்கு. மனிதக் கழிவு தண்ணியில கலந்தா முட்டை பொரியும். நீர்ப்பூச்சி அதைத் தின்னும், பூச்சியை மீன் தின்னும். மீன் சதையில் இருக்கும் இளம்புழு, மீன் வேகலைன்னா நம்ம குடலுக்கு வரும்.

4/8
ஜெருசலேமில் 15-ஆம் நூற்றாண்டுக் கழிவுக்குழி ஒண்ணுலயும் இதே முட்டை. ஆனா அந்தப் புழு அந்த ஊர்ப் புழு இல்ல. வட ஐரோப்பாவிலிருந்து பயணிகளோடயோ, பதப்படுத்தின மீனோடயோ வந்திருக்கணும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. முட்டை கிடைச்ச ஊரே குற்றவாளின்னு சொல்ல முடியாது.

5/8
மூளைக்குப் போறது பன்றி நாடாப்புழு. அதோட முட்டை மனித மலத்திலிருந்து, கழுவாத கை, கழுவாத காய்கறி வழியா வரும். மீன் நாடாப்புழு முட்டையை விழுங்கினாகூட நமக்குத் தொற்றாது. ரெண்டையும் குழப்பி எழுதினவருக்கு மருத்துவமும் தெரியல, தொல்லியலும் தெரியல.

6/8
இந்தியாவில் மனிதருக்கு இந்தத் தொற்று வந்ததா முதல் அறிக்கை 1998-ல், வேலூர் சிஎம்சியிலிருந்து. 2007-ல் புதுச்சேரியிலிருந்து ஒண்ணு. அவ்வளவு அபூர்வம். வந்தாலும் மாத்திரையில் குணமாகும்.

7/8
கடல் மீன்ல புழுவே இருக்காதுன்னு நான் சொல்லல. ஆனா 63 டிகிரி சூட்டில் உள்வரைக்கும் வெந்தா அது செத்துடும். நம்ம சங்கரா குழம்பு தளதளன்னு கொதிக்குது. நெத்திலி மொறுமொறுன்னு வறுபடுது. பயம்னா பச்சை மீன் சூஷிக்குப் பயப்படுங்க. அந்த மீனை −20 டிகிரியில் 7 நாள் உறைய வெச்சாங்களான்னு கேளுங்க. ஏசி ஓட்டல்ல கேக்க மாட்டீங்க, கூடைக்காரம்மாவை மட்டும் சந்தேகப்படுவீங்க!

8/8
2023 ஏப்ரலில் லூப் ரோட்டு ஓரக் கடைகளை அகற்றினப்போ, படகையும் வலையையும் ரோட்டில் போட்டுப் போராடின ஜனங்க இவங்க. ஒருநாள் வியாபாரம் போனா அன்னிக்கு வீட்டுச் செலவே தடுமாறும். செவுள் சிவப்பா இருக்கா, ஐஸ் இருக்கான்னு பாருங்க. கானாங்கெளுத்தி வெயில்ல கிடந்தா வாங்காதீங்க, அதுல உருவாகிற ஹிஸ்டமின் சமைச்சாலும் போகாது. இது நியாயமான எச்சரிக்கை. அந்த ஃபார்வர்டு அவதூறு. அது எந்த குரூப்புல வந்துச்சோ, அதே குரூப்புல இதையும் போடுங்க.