பூட்டு மாறினால் சாவியும் மாறணும்!



கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணினால் போதும், "மெஷின் போச்சு" என்று சொல்லிவிடுகிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! பல நேரம் மெஷின் நல்லாத்தான் இருக்கும். உள்ளே இரண்டு எண்கள் ஒத்துப்போகாததுதான் கோளாறு.

நம்ம பிளஸ் ஒன் பாடத்தில் வரும் உபுண்டு, 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப்பில் வந்த பாஸ், இரண்டுக்கும் உள்ளே லினக்ஸ் கெர்னல்தான். மெமரி, டிஸ்க், வைஃபை எல்லாத்தையும் ஆட்டி வைப்பது அதுதான். ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு எண் உண்டு. டிரைவர், ஹெடர் கோப்பு முதலியவை அந்த எண்ணுக்கென்றே செய்யப்பட்டவை. பூட்டை மாத்திட்டுப் பழைய சாவியைப் போட்டால் கதவு திறக்குமா?

என் மாமாவின் லேப்டாப்பில் அப்டேட் செய்ததும் வைஃபை காணாமல் போச்சு. ஒரு கடையில், "போர்டு போச்சு, ஆயிரக்கணக்கில் ஆகும்" என்றார்கள். உண்மையில், ஓடியது புதிய கெர்னல். வைஃபை டிரைவரும் ஹெடர் கோப்பும் பழைய கெர்னலுக்கானவை. புதிய எண்ணுக்கான ஹெடரைப் போட்டு டிரைவரை மறுபடி உருவாக்கியதும் வைஃபை வந்துவிட்டது. பைசா செலவில்லை!

இது இன்று நேற்று வந்த சங்கதி இல்லை. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தபோது, டிரைவர்களை ஏற்றிய பழைய மாட்யூட்டில்ஸ் கருவி அதற்கு உதவவில்லை. மாட்யூல்-இனிட்-டூல்ஸ் என்ற புதுக் கருவியைப் போட வேண்டி வந்தது. எந்தக் கருவி எந்த எண்ணுக்குக் குறையக் கூடாது என்ற பட்டியலே கெர்னலின் மூலநிரலோடு வருகிறது.

"அப்போ அப்டேட்டே பண்ணாம விட்டா என்ன?" என்று சிலர் கேட்கலாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதே அப்டேட்தான். அதை நிறுத்துவது, திருடனுக்குப் பயந்து கதவையே கழற்றி வைப்பது மாதிரி. இரண்டையும் சேர்த்து மாத்தணும், அதுதான் வழி.

நம் ஆய்வகத்துக்கு என் யோசனைகள்:

1. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கெர்னல் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். யூநேம் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆர் என்ற சின்ன எழுத்தும் போட்டால் இப்போது ஓடும் எண் தெரியும்.

2. முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அப்டேட் செய்து பார்ப்போம்.

3. செய்தவுடன் ரீஸ்டார்ட் செய்வோம். அதுவரை ஓடுவது பழைய கெர்னல்தான்!

4. பழைய கெர்னலை உடனே அழிக்க வேண்டாம். கோளாறு வந்தால், தொடங்கும்போது வரும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடரலாம்.

ஒரு மெஷினை மூலையில் போட்டால், பிராக்டிகலில் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் மூணு பேர் நிற்கணும். ஒருத்தர் அடிக்க, ரெண்டு பேர் வேடிக்கை. நஷ்டம் நமக்குத்தானே? "போச்சு" என்று சொல்லும் முன்னே, எண்ணைப் பார்ப்போம்!



– பிளஸ் டூ மாணவி,
கணினி அறிவியல் பிரிவு