மதிப்பீடு கேளுங்கள், அது முத்திரை அன்று



என் மாணவன் ஒருவன் மூன்றாம் ஆண்டில் பயில்கிறான். கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்வான். எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் இயலவில்லை. மருத்துவ மதிப்பீட்டிற்கு அழைத்துச் செல்லுமாறு அவன் தந்தையிடம் கூறினேன்.

"ஓ.கே.யு. அட்டை எடுத்தால் பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடுமே, டீச்சர்?" என்றார்.

அவர் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்பள்ளியில் என்னோடு படித்த தோழியை 'மக்கு' என்று கடைசி வரிசையில் அமர்த்தினர். ஆறாம் ஆண்டை முடிக்காமலே தாயுடன் பால்மரக் காட்டுக்குப் போனாள். எந்த அட்டையும் இல்லாமலே விழுந்த முத்திரை அது.

பெற்றோர்களே, ஐயம் எழுந்தால் வகுப்பாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். பிள்ளையின் பயிற்சிப் புத்தகங்களோடு அரசாங்க கிளினிக்கிற்குச் செல்லுங்கள். கண்ணையும் காதையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். தேவையெனில் மருத்துவ அதிகாரி நிபுணரிடம் அனுப்புவார். மதிப்பீடு செய்தாலே அட்டை எடுத்தாக வேண்டுமென்பதில்லை. பதிவு உங்கள் விருப்பம். சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்தாலும், 2013ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 3 மாதம் வரை சோதனைக் காலம் உண்டு.

'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று ஆறாம் ஆண்டு வரை காத்திருப்பதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. அன்று என் தோழிக்காகக் கேட்க எவரும் இல்லை. இவனுக்காக நாம் கேட்போம்.