புலாலும் புயவலிமையும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அடிமுறையும் சிலம்பமும் வர்மக்கலையும் இன்னும் ஆசான்மாரின் களரிகளில் உயிரோடு இருக்கின்றன என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியே. ஆயினும், அக்களரிகளில் புதிதாய்ச் சேரும் பிள்ளைக்கு ஒற்றைச்சுவட்டின் முதற்காலடி கற்பிக்கப்படுவதற்கு முன்பாகவே, வீட்டாரும் அயலாரும் உடன்பயில்வோரும் ஏகோபித்துக் கற்பித்துவிடும் பாடம் வேறொன்று உண்டு. “மக்கா, கறியும் மீனும் தின்னாம சுவடு நிக்காது, கஞ்சியும் பயறும் குடிச்சவன் நாலு அடி வச்சதும் மூச்சு வாங்குவான்” என்பதே அப்பாடம். இதனைக் கேட்டுச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் தமக்கு இக்கலை வாய்க்காது என்று ஒதுங்குவதும், உடல் பருத்த இளைஞன் எடையைக் குறைக்கும் பொருட்டுப் புலாலை நிறுத்தினால் அவன் தளர்ந்து விழுந்துவிடுவான் என்று தாய்மார் அஞ்சுவதும் நித்திய நிகழ்ச்சிகளாகிவிட்டன.

புலால் உண்போரைப் பழிப்பது என் நோக்கமன்று. குளச்சலிலும் முட்டத்திலும் கடலோடு போராடி மீன் கொணர்வோரின் உணவைத் தாழ்த்திப் பேசும் சைவ அகம்பாவத்தின்மீது எனக்கு ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. புலால் இன்றேல் வலிமை இன்று என்னும் காரணகாரிய வாதத்தை மட்டுமே நான் மறுக்கிறேன்.

இவ்வாதம் நம் முன்னோர் தந்த ஞானம் என்று பலர் எண்ணுகின்றனர். சாஸ்திர ரீதியாக அதற்கு ஓர் உருவம் கொடுத்தவர், 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய ரசாயன அறிஞரான லீபிக். தசை தொழிற்படும்போது அத்தசையின் புரதமே எரிந்து சக்தியாகிறது என்றும், ஆகவே உழைப்பவனுக்குப் புரதம் செறிந்த ஆகாரமே எரிபொருள் என்றும் அவர் சித்தாந்தம் செய்தார். 1865-ஆம் ஆண்டில் ஃபிக், விஸ்லிசேனுஸ் என்னும் இரு விஞ்ஞானிகள், மாவும் கொழுப்பும் சர்க்கரையுமன்றிப் புரதம் கலந்த ஆகாரம் எதனையும் கொள்ளாமல் சுவிட்சர்லாந்திலுள்ள ஃபவுல்ஹார்ன் சிகரத்தின்மீது ஏறி, தம் சிறுநீரில் கழிந்த நைட்ரஜனை அளந்து, உடலில் எரிந்த புரதம் அவ்வளவு உயரம் ஏறுவதற்கு வேண்டிய சக்தியை எவ்வாற்றானும் அளித்திருக்க முடியாது என்று நிரூபித்தனர். மாவுப்பொருளும் கொழுப்புமே இயக்கத்தின் எரிபொருள். புரதம் தேய்ந்ததைப் பழுதுபார்ப்பதற்கே என்பது அன்றோடு தெளிவாயிற்று. அதே 1865-இல்தான் லீபிக்கின் பெயரைத் தாங்கிய மாட்டிறைச்சிச் சாறு நிறுவனம் லண்டனில் தோன்றியது என்பதையும் சொல்லிவைக்கலாம். சித்தாந்தம் தோற்றது, சரக்கு விற்றது.

நம் தேசத்தில் இந்தப் பிரமைக்கு அடிமைத்தனமும் உரமிட்டது. ஆங்கிலேயன் நம்மை ஆள்வது அவன் புலால் உண்பதனால்தான் என்ற பேச்சில் மயங்கி, ராஜ்கோட்டில் பள்ளிச் சிறுவனாயிருந்த காந்தியடிகள் ஒளிந்திருந்து ஆட்டிறைச்சி தின்ற கதையை அவருடைய சுயசரிதையில் படித்தவர்கள் பலர். பின்னாளில் அந்தச் சாம்ராஜ்யத்தையே அசைத்தது எந்த ஆகாரம் என்பதை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாய் நிலைக்கிறதென்றால் அதற்கு அநுபவத்தில் ஏதோ ஓர் ஆதாரம் தோன்றிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆதாரம் நம் மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்கின் வடிவத்தில் இருக்கிறது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய அக்கிழங்கு, இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரத்து நின்ற பஞ்ச நாட்களில் ஏழைமக்களின் உயிரைத் தாங்கிற்று. இன்றும் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் மரச்சீனியும் மீன்கறியும் இணைபிரியாத ஜோடி. இந்த ஜோடியில் கிழங்கு தருவது மாவுச்சத்து ஒன்றே. அதன் 100 கிராமில் புரதம் ஏறக்குறைய ஒரு கிராம்தான். புரதம் முழுவதையும் மீனே சுமக்கிறது. இப்படி உண்டு வளர்ந்த இளைஞன், எடையைக் குறைக்கவோ விரதம் காக்கவோ கருதி மீனை நீக்கிவிட்டுக் கிழங்கையும் சோற்றையும் தேங்காயையும் முன்போலவே உண்டுவருவானாயின், இரண்டு மாதங்களில் அவன் தொடையிலே பலம் குன்றுவதும் பயிற்சியில் சோர்வு காண்பதும் இயல்பேயாகும். அச்சாணியைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டியவன் பாதையைப் பழித்ததுபோல, அவனும் அவனைச் சேர்ந்தோரும் சைவத்தைப் பழிக்கின்றனர். மீன் போன இடத்தில் பயறு வந்து அமராததுதான் குற்றம். களரிதோறும் காட்டப்படும் ‘கண்கண்ட சாட்சிகளில்’ பெரும்பாலானவை இவ்வகையினவே.

குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்னும் ஆராய்ச்சியாளர் 1920-களில் செய்த எலிப் பரிசோதனைகளும் இவ்வாறே திரித்துப் பேசப்படுகின்றன. இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களை எலிகளுக்கு அளித்துப் பார்த்தபோது, சீக்கியர் ஆகாரத்தை உண்டவை செழித்து முதலிடம் பெற்றன. அரிசியே பிரதானமான சென்னை மாகாண ஆகாரத்தை உண்டவை பின்தங்கின. இதைக் கேட்டவுடன் ‘மாமிசம்!’ என்று கூவுவோர், அந்தச் சீக்கிய ஆகாரத்தில் இறைச்சி வாரம் ஒருமுறையே இருந்தது என்பதையும், நாள்தோறும் இருந்தவை முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியுமே என்பதையும் கவனிப்பதில்லை.

பயறின் மகிமைக்கு வெளிநாட்டுச் சாட்சி தேடவேண்டிய அவசியமும் நமக்கில்லை. சாமித்தோப்பில் வாழ்ந்து 1851-இல் மறைந்த அய்யா வைகுண்டர், ஒடுக்கப்பட்ட மக்களைத் திரட்டிக் குமரிக் கடலோரத்து வாகைப்பதியில் துவையல் தவசு நடத்தினார் அல்லவா? அங்கு கூடிய குடும்பங்கள் எழுநூறு என்பது அய்யாவழி மரபு சொல்லும் கணக்கு. நாளுக்கு மூன்று வேளை நீராடி, துணி துவைத்து, ஒருவேளை மட்டுமே உண்ட அவர்களுக்கு உணவாயிருந்தது அரிசியும் சிறுபயறும் சேர்ந்த சோறு. அவர்கள் போர்க்கலை பயின்றனர் என்று நான் சொல்ல வரவில்லை. நியமம் தவறாத கடினமான வாழ்வை அந்த உணவின்மேல் நடத்தினர் என்பதே இங்கு வேண்டிய செய்தி. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு, மெதியோனின் போதுமானது. பயறிலோ மெதியோனின் குறைவு, லைசின் நிறைவு. இரண்டும் கலந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று தீர்த்து, மாமிசப் புரதத்தை நெருங்கி நிற்கிறது. ரசாயனம் இதைக் கண்டறியும் முன்பே தென்குமரியில் ஏழைகளின் பானையில் இது வெந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுச் சாட்சியும் வேண்டுமென்பார்க்கு அதுவும் உண்டு. குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த அதே 1956 நவம்பரில் தொடங்கிய மெல்போர்ன் ஒலிம்பிக்கில், சிறுவயது முதல் சைவ உணவில் வளர்ந்த முர்ரே ரோஸ் என்னும் ஆஸ்திரேலிய இளைஞன் நீச்சலில் மூன்று தங்கப் பதக்கம் பெற்றான். உயிரைப் பணயம் வைத்துப் பொருத ரோமானிய மல்லர்களும் பெரும்பாலும் வாற்கோதுமையும் அவரையினமும் உண்டவர்களே; எஃபேசஸ் நகரத்துக் கல்லறையில் கிடைத்த அவர்களுடைய எலும்புகளை ஆராய்ந்து வியன்னா அறிஞர்கள் 2014-இல் வெளியிட்ட முடிவும் அதனை உறுதி செய்தது. அத்தகைய மல்லர்களுக்கு வைத்தியம் பார்த்த கேலன், இவ்வுணவு அவர்களுடைய தசையை இறுகச் செய்யாமல் தளரச் செய்கிறது என்று குறைப்பட்டதையும் நான் மறைக்க விரும்பவில்லை. கேலனின் குறையில் ஓர் உண்மை உண்டு: மரக்கறி உணவும் மனிதனைக் கொழுக்கச் செய்யும்.

இங்கே நம் சைவ நண்பர்கள்மீதும் இரண்டு அடி போடாமல் போவது நியாயமாகாது. புலாலை விட்ட மாத்திரத்தில் உடல் தானே இளைத்துவிடும் என்பது அவர்களுடைய மூடநம்பிக்கை. நாஞ்சில் நாட்டுக் கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள்: பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, இஞ்சிக் கிச்சடி, ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரைவரட்டி, அடைப் பிரதமன், அதன்பின் போளியும் பால் பாயசமும்! இதில் ஓர் உயிரும் வதைக்கப்படவில்லை, இலைமுன் அமர்ந்தவனின் இடுப்பைத் தவிர. எந்த எண்ணெயாயினும் கிராமுக்கு 9 கலோரி என்னும் கணக்குத் தேங்காயெண்ணெய்க்குச் சலுகை காட்டுவதில்லை; 100 கிராம் உப்பேரியில் 500 கலோரிக்கு மேல் அடங்கியிருக்கிறது. எடை குறைவதற்கு ஒரே விதி, உட்கொள்வது செலவாவதைவிடக் குறைவாயிருக்க வேண்டும் என்பது. அக்குறைப்பைச் சோற்றிலும் எண்ணெயிலும் தித்திப்பிலும் செய்யவேண்டுமேயன்றிப் பயறிலே செய்யலாகாது. செய்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். சாதாரண மனிதனுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. கடும் பயிற்சி செய்பவனுக்கு 1.4 முதல் 2 கிராம் வரை வேண்டும் என்பர் விளையாட்டு மருத்துவ அறிஞர். 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு இது குறைந்தபட்சம் 84 கிராம். 100 கிராம் சிறுபயறில் 24, 50 கிராம் காணத்தில் 11, 50 கிராம் நிலக்கடலையில் 12, அரை லிட்டர் பாலில் 16, 300 கிராம் அரிசியில் 21: கூட்டினால் சரியாக 84. இவன் எடையைக் குறைக்க விரும்பினால் அரிசியில் 100 கிராமைக் குறைத்து, 30 கிராம் பயறைக் கூட்டிக்கொள்ளட்டும். புரதம் குறையாமலே 250 கலோரி விலகும். பயிற்சிக்கு முன் இரண்டு மட்டிப் பழம் போதிய எரிபொருள். முருங்கைக்கீரையோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் ஒட்டும். உண்டவுடன் தேநீர் குடித்தால் ஒட்டுவது குறையும். தாவர உணவில் இல்லாத பி12 வைட்டமினைப் பாலும் மோரும் தரும். பாலையும் துறந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்வதில் வெட்கமில்லை.

ஆசான்மாருக்கு ஒரு விண்ணப்பம். எடைப் பிரிவு பார்த்துப் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது, கடைசி இரண்டு நாளில் தண்ணீரை நிறுத்தியும் வியர்வை சிந்தவைத்தும் எடையை இறக்கும் பழக்கத்தை அறவே ஒழித்துவிடுங்கள். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் இவ்வாறு செய்தே மாண்டனர். சைவப் பிள்ளை வந்து சேர்ந்தால் அவனைக் கறி தின்னச் சொல்லாதீர்கள். நேற்று எவ்வளவு பயறு தின்றாய் என்று கேளுங்கள். களரி முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் வேகவைத்த சிறுபயறு கொடுக்க ஆகும் செலவு அதிகமில்லை. அதை வரும் ஆடி மாதத்திலிருந்தே தொடங்கலாம்.