சிவப்புப் பந்து ஏன் நீலமானது?

எங்கள் பள்ளி ரோபோட்டிக்ஸ் கழகத்தில் ஒரு சிறிய வேலை. கேமராவுக்கு முன்னால் உருளும் சிவப்புப் பந்தைக் கணினி கண்டுபிடிக்க வேண்டும். படிவம் 4 மாணவர்கள் ஓப்பன்சிவி நிரல் நூலகத்தைப் பயன்படுத்திப் பைத்தானில் எழுதினார்கள். நிரல் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பந்தை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த நீலப் புத்தகப்பையைச் சுற்றி வட்டம் போட்டது! காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் பிடித்தன.

காரணம் எளியது. நாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் நினைக்கிறோம். ஓப்பன்சிவியோ படத்தைத் திறந்ததும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வைத்துக்கொள்கிறது. கணினிக்கு இரண்டுமே மூன்று எண்கள்தான். அது எதற்காக முறையிடப் போகிறது? வரிசை பற்றிய விதி கையேட்டில் இருந்தது. நிரலில் எங்குமே இல்லை.

ஒரு நூலகத்தை இன்னொரு மொழிக்குக் கொண்டுசெல்பவர்கள் பெயர்களை மட்டும் கொண்டுசென்றால் போதாது. சொல்லாமல் விடப்பட்ட விதிகளையும் கொண்டுசெல்ல வேண்டும். இதுதான் என் கருத்து.

ஓப்பன்சிவி 1999இல் இண்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிய திட்டம். முதலில் சி மொழியிலும், பின்னர் சி பிளஸ் பிளஸ் மொழியிலும் வளர்ந்தது. நாம் பைத்தானில் எழுதினாலும் உள்ளே உழைப்பது சி பிளஸ் பிளஸ் நிரல்தான். இரண்டுக்கும் நடுவில் நின்று பேச வைப்பதைப் பைண்டிங் என்கிறார்கள். தமிழில் பிணைப்பு எனலாம்.

மூன்று மொழிகளில் படிக்கும் நமக்கு இந்த வேலையின் சிக்கல் நன்றாகவே புரியும். மலாயில் 'செபுவா ரூமா' என்றால் ஒரு வீடு. 'புவா' என்றால் பழம் என்பதால் 'ஒரு பழ வீடு' என்று எழுதினால் ஆசிரியர் சிரிப்பார். சொல் போய்ச் சேர்ந்தது, பொருள் சேரவில்லை.

ஹாஸ்கல் போன்ற சார்பு நிரலாக்க மொழிக்குப் பிணைப்பு எழுதும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. கூடுதல் கணிதத்தில் நீங்கள் படிக்கும் சார்பை நினைத்துப் பாருங்கள். 2 கூட்டும் சார்பிடம் 3 கொடுத்தால் 5 கிடைக்கும். நாளை கொடுத்தாலும் 5தான். நீங்கள் கொடுத்த 3 அப்படியே இருக்கும். 1990இல் வெளிவந்த ஹாஸ்கல் இந்த ஒழுங்கில்தான் இயங்குகிறது. ஓப்பன்சிவியின் பழக்கம் வேறு. வட்டம் வரையச் சொன்னால் கொடுத்த படத்தின் மேலேயே வரைந்துவிடும். அதே படத்துக்கு இரண்டாவது பெயர் வைத்து, 'இது என் மூலப் பிரதி' என்று நீங்கள் நினைத்திருந்தால் அதிலும் வட்டம் விழுந்திருக்கும். பெயர்தான் இரண்டு, படம் ஒன்று.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் படத்தைப் பிரதி எடுத்துவிடலாமா? கணக்குப் போடுவோம். 1920 × 1080 புள்ளிகள் கொண்ட வண்ணப் படத்தில் 6,220,800 பைட்டுகள். நொடிக்கு 30 படங்கள் என்றால் ஒரு படிநிலைக்கே ஏறத்தாழ 187 மில்லியன் பைட்டுகளைப் பிரதி எடுக்க வேண்டும். பத்துப் படிநிலைகள் இருந்தால்? ஒழுங்கு வேண்டும், வேகமும் வேண்டும். பிணைப்பு எழுதுபவரின் தலைவலி இதுதான்.

மிதிவண்டி நிறுத்துமிடங்களில் காலியிடங்களைக் கண்டறியும் நெதர்லாந்து நிறுவனம் லூமிகைட். அது ஹாஸ்கலுக்கான ஓப்பன்சிவி பிணைப்பைத் திறந்த மூலநிரலாக வெளியிட்டது. அதில் நான் ரசித்தவை மூன்று. முதலாவது, படத்தின் அளவு, எத்தனை வண்ண அடுக்குகள், எண்கள் எவ்வகை என்பவை படத்தின் வகையிலேயே எழுதப்படுகின்றன. ஓர் அடுக்கு மட்டுமே கொண்ட சாம்பல் நிறப் படத்தை, மூன்று அடுக்கு கேட்கும் இடத்தில் கொடுத்தால் கம்பைல் செய்யும்போதே மறுப்பு வந்துவிடும். இரண்டாவது, முன்கூட்டியே பிடிக்க முடியாத தவறுகள் மறைக்கப்படுவதில்லை. படத்தை மங்கலாக்கும் ஒரு சார்புக்கு ஒற்றைப்படை அளவு வேண்டும். இரட்டைப்படை கொடுத்தால் பிழை. 'விடை அல்லது பிழை' என்று அந்தச் சார்பின் வகையே சொல்லிவிடுகிறது. மூன்றாவது, வட்டம் வரைவது போன்ற மாற்றங்கள் தனியறையில் நடப்பதுபோல் ஓர் எல்லைக்குள் நடக்கின்றன. முடிந்த படம் மட்டுமே வெளியே வருகிறது. ஒவ்வொரு கோட்டுக்கும் புதிய பிரதி தேவையில்லை.

"பைத்தானில் பத்து வரியில் முடியும் வேலைக்கு இவ்வளவு பாடு ஏன், சார்?" என்று ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு யோசனையைச் சோதித்துப் பார்க்க நானும் பைத்தானைத்தான் எடுப்பேன். ஆனால் இரவு பகலாக, பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓட வேண்டிய நிரல் என்றால்? அங்கே தவறு நடந்தால் புத்தகப்பையைக் காட்டிச் சிரிக்க ஆள் இருக்காது. முன்பே செலவிடும் உழைப்பு அங்கே வீண் அல்ல.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஹாஸ்கல் பிணைப்பும் எங்கள் பந்தைக் காப்பாற்றியிருக்காது. மூன்று அடுக்குகள் என்பதை வகை சொல்கிறது. எந்த அடுக்கு எந்த நிறம் என்பதைச் சொல்லவில்லை. நிறம் மாற்றும்போது எதிலிருந்து எதற்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் அது நம்பிவிடும். எந்த விதியை வகையில் எழுதுவது, எதைக் கையேட்டில் விடுவது என்று தீர்மானிப்பவர் மனிதரே.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால்தான் அறிவியல் என்றும், பிணைப்பு எழுதுவது இரண்டாம் தர வேலை என்றும் பல மாணவர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு பக்கத்து வழக்கங்களையும் அறிந்தவரால்தான் நல்ல பிணைப்பை எழுத முடியும். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று வளரும் உங்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது.

மாணவர்களே, அடுத்த முறை உங்கள் நிரல் பிழைச் செய்தி காட்டாமல் தவறான விடை தந்தால், திருத்திவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எந்த விதி தெரியாததால் தவறு நடந்தது, அந்த விதி எங்கே எழுதப்பட்டிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எங்கள் கழகத்தின் தாளில் முதல் வரி வண்ண வரிசை. அதை வகையிலேயே எழுதிவைக்கும் பிணைப்பை உங்களில் ஒருவர் எழுதட்டும்.