அடி விழுந்தது, கணக்கில் விழவில்லை!

ஆர்.கே.பேட்டையில் அடிதடி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? டீக்கடையில் கேட்டால் ஒரு பதில். போலீஸ் நிலையத்தில் கேட்டால் இன்னொரு பதில். டெல்லியில் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் போடும் அறிக்கையைப் புரட்டினால் மாநிலக் கணக்கு உண்டு, பெருநகரக் கணக்கு உண்டு, மாவட்டக் கணக்கும் உண்டு. ஊர்க் கணக்கு கிடையாது.

மாவட்டக் கணக்கையாவது நம்பலாமா என்றால், அதிலும் ஒரு சிக்கல். 2022 ஜனவரி 1-ந் தேதி ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தது. மீஞ்சூர், சோழவரம் போன்ற நிலையங்கள் திருவள்ளூர் மாவட்டப் போலீசை விட்டு அங்கே போய் விட்டன. அதற்கு முந்திய ஆண்டோடு ஒப்பிட்டு "குற்றம் குறைந்தது" என்று யாராவது சொன்னால், குறைந்தது குற்றமா, எல்லையா?

இது போகட்டும். உள்ளூரில் நடப்பது என்ன?

விசைத்தறிக் கூடத்தில் கூலித் தகராறு என்று வைத்துக் கொள்வோம். கன்னத்தில் அறை, வாயில் ரத்தம். வெறும் கையால் அடித்த சாதாரண காயம் என்றால் பழைய சட்டத்தில் 323-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 115(2). மாஜிஸ்திரேட்டு உத்தரவு இல்லாமல் போலீசார் இதை விசாரிக்க முடியாது. அதே அடியில் பல் விழுந்தால் கொடுங்காயம். கத்தி எடுத்தாலும் கதை வேறு. அப்போது வழக்குப் பதிந்தே ஆக வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 2013 நவம்பர் 12-ந் தேதி அடித்துச் சொன்ன தீர்ப்பு அது.

ஆனால் பல் விழுந்தவருக்கும் சில சமயம் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, கூப்பிடுறோம்" என்பார்கள். சாயங்காலம் இரு தரப்பையும் கூப்பிட்டு, பெரிய மனிதர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, சமரசம்! நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க வேண்டிய சின்ன ஊர். சின்னச் சண்டைக்கு சமரசம் நல்லதுதான். ஆனால் அந்த அடி எந்தப் புள்ளி விவரத்திலும் ஏறாது.

இன்ஸ்பெக்டர் மீது மட்டும் பழி போட்டு என்ன பயன்? ஒழுங்காக வழக்குப் போடுகிற நிலையத்தில் எண்ணிக்கை ஏறும். ஏறினால் மேலிடம் "உன் ஊரில் மட்டும் ஏன் இத்தனை?" என்று கேட்கும். பிறகு யார் எழுதுவார்?

அடிபட்டவர் போலீசுக்குப் போகாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். அங்கே ஏ.ஆர். புத்தகத்தில் பதிவாகிறது. வேல்ஸ் நாட்டுக் கார்டிப் நகரில் ஜோனதன் ஷெப்பர்டு என்ற அறுவை சிகிச்சை டாக்டர் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்தார். கட்டுப்போட வந்த பலரைப் பற்றிப் போலீசுக்குத் தெரியவே இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில் அடி விழுந்தது என்பதைப் பெயர் இல்லாமல் போலீசுக்குக் கொடுத்தார்கள். அந்த இடங்களில் ரோந்து போனது. அடிபட்டு வார்டில் படுப்பவர்கள் குறைந்தார்கள்.

திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகம் இருக்கிறது. ஆர்.கே.பேட்டை நிலையத்தில் சி.எஸ்.ஆர். புத்தகமும் எப்.ஐ.ஆர். புத்தகமும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை மூன்றையும் பக்கத்தில் வைத்து எண்ணி, வெறும் எண்ணிக்கையை மட்டும் நிலைய வாசல் பலகையில் எழுதிப் போட மாவட்ட எஸ்.பி. உத்தரவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. சாக்பீஸ் போதும்.

அது வரும் வரை, காயத்தோடு போகிறவர்கள் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி விட வேண்டாம். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். பதிய மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.